வடசென்னைப் பட்டாளத்திலிருந்து என் முதல் வலைத்தளம்

சொந்தமாக ஒரு வலைத்தளம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த மென்பொருள், எந்த டிசைன், எவ்வளவு செலவாகும் என்றுதான் விசாரிக்கிறார்கள். எனக்கு உதவிய கேள்வி வேறு. யார் படிக்கப்போகிறார்கள், எந்த போனில்? இதற்குப் பதில் தெரிந்ததும் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே அமைந்துவிட்டன.

என் தளத்தில் நான் யார், என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒரே ஒரு பக்கம். மற்றதெல்லாம் பின்னி மில். அப்பா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தவர். பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த மில்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்கு ஊதுவதை வைத்துச் சோறு வடித்த வீடுகள் இங்கே ஏராளம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடசென்னையில் பின்னி கம்பெனி நடத்திய பக்கிங்ஹாம் மில்லும் கர்னாடிக் மில்லும் 1920-இல் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆயின. அதைத்தான் நாங்கள் பின்னி மில் என்கிறோம். காக்கித் துணிக்குப் பேர்போன மில். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க.வும் முன்நின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் தொழிலாளர்களால்தான் உருவானது. 1921-இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் நடந்தது. 1996-இல் மில்லை மூடினார்கள். அப்புறம் கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங் நடந்தது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

சங்கத்தின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. யார் எந்த ஷிப்ட், எந்தத் தறிக்கு யார், மில் மூடியபிறகு யார் ஆட்டோ ஓட்டப் போனார்கள், யார் மண்ணடியில் மூட்டை தூக்கினார்கள் என்பதெல்லாம் அப்பாவின் கூட்டாளிகள் வாயில்தான் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. எழுதி வைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஃபேஸ்புக்கில் எழுதினால் போதாதா என்று என் ஆபீஸில் கேட்டார்கள். நான் எழுதுவது பத்து வருடம் கழித்தும் அதே முகவரியில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜியோசிட்டிஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அதை மூடினார்கள். நம்மில் பலர் வளைய வந்த ஆர்குட் 2014 செப்டம்பரோடு போயிற்று. அங்கே எழுதியதைப் பலரால் மீட்கவே முடியவில்லை. வாட்ஸாப் குழுவில் போடும் படங்களோ, போன் மாறினால் காணாமல் போய்விடுகின்றன. சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், இருந்தால், ஹோஸ்டிங் (கோப்புகளை இணையத்தில் வைக்க இடம்) கொடுப்பவர் கடையை மூடினாலும் கோப்புகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய் அதே பெயரை அங்கே திருப்பிவிடலாம். படிக்கிறவர்களுக்கு எதுவும் மாறியிருக்காது. வலைத்தளத்தில் நமக்கென்று நிற்கக்கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் டொமைன் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர் சின்னதாக, போனில் சொன்னால் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். "எங்க தளத்தோட பேரு இது" என்று டீக்கடையில் ஒருவரிடம் சொல்லி, அவர் தன் போனில் தட்டிப் பார்க்கட்டும். அவர் இரண்டு முறை ஸ்பெல்லிங் கேட்டால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். எழுத்து, எண், நடுவில் சிறுகோடு, இவ்வளவுதான் அனுமதி. அதிகபட்சம் 63 எழுத்துகள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் டொமைனில் கிடையாது. தமிழிலேயே டொமைன் வைக்கலாம். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் இருக்கின்றன. ஆனால் அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்து வரிசையாக மாறிவிடுவது உண்டு. என் வாசகர்கள் அதைப் பார்த்தால் ஏதோ மோசடி லிங்க் என்று தொடமாட்டார்கள். அதனால் நான் டாட் இன் எடுத்தேன். 2005 முதல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

விலையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் வருடத்துக்கு மிகக் குறைந்த தொகையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். புதுப்பிக்கும் கட்டணம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், பல மடங்கும் இருக்கும். பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். வாங்கும்போது ஹோஸ்டிங், மின்னஞ்சல், பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கூடையில் சேர்த்துக்கொண்டே போவார்கள். முதல் தளத்துக்குப் பெயர் மட்டும் போதும். மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், தளம் செய்து கொடுத்தவரிடமே எல்லாவற்றையும் விட்டிருந்தார். செய்து கொடுத்தவர் தன் கணக்கில், தன் பெயரில் டொமைனை எடுத்திருந்தார். பிறகு அவர் போன் நம்பரே மாறிவிட்டது. புதுப்பிக்க வழியில்லாமல், கடை போர்டிலும் கட்டைப்பையிலும் அச்சடித்திருந்த முகவரி கையை விட்டுப் போய்விட்டது. யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, பெயரை நீங்களே வாங்கிவிட்டு, இணைக்கும் வேலையை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

பதிவின்போது உண்மையான பெயர், முகவரி, போன் நம்பர் கொடுத்தாக வேண்டும். பொய்யாகக் கொடுத்தால் டொமைனை முடக்கலாம். அந்த விவரங்கள் வெளியே தெரியாமல் மறைக்கும் வசதி உண்டா என்று வாங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு "மேடம், வெப்சைட் பண்ணித் தரட்டுமா" என்று அழைப்புகள் வரும். புதுப்பிக்கச் சொல்லி போலி மின்னஞ்சலும் வரும். அவற்றில் இருக்கும் லிங்கைத் தொடாமல், நேராக உங்கள் கணக்குக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பவும் வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க நம் ஒப்புதல் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அது சில சமயம் கைகூடாது. நான் போனில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, தளத்தை எதில் செய்வது. வேர்ட்பிரஸ் நல்ல கருவிதான். அடிக்கடி எழுதுபவர்களுக்கும், பலர் சேர்ந்து எழுதும் இடத்துக்கும் சரியாக வரும். ஆனால் அதற்குப் பின்னால் பிஎச்பி என்ற நிரல்மொழியும் டேட்டாபேஸும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் ப்ளகின்களை அவ்வப்போது அப்டேட் செய்யாவிட்டால் பாதுகாப்பில் ஓட்டை விழும். எனக்கு வேண்டியதோ சில பக்கங்கள், சில படங்கள். எதிர்வீட்டுத் தம்பி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். "அக்கா, இதுக்கு வெறும் எச்டிஎம்எல் போதும். ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. அவ்ளோதான்" என்றான். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் சொல்லும், அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் சொல்லும். அவன் சொன்னதுதான் சரி. தலைப்பு, பத்தி, படம், இணைப்பு என்று சில குறிகளைக் கற்றுக்கொண்டாலே ஒரு பக்கம் எழுதிவிடலாம். நோட்பேடே போதும். விஎஸ் கோட் என்ற எழுதும் மென்பொருள் இருந்தால் இன்னும் வசதி. அந்தக் கோப்புகளை, ஹோஸ்டிங் தரும் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் ஏற்றினேன். பொதுவில் வைக்கும் கோப்புத்தொகுப்புக்கு அங்கே கட்டணம் இல்லை. தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மூலக்கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் வெளியிடக் கூடாத எதையும் அதற்குள் போடக் கூடாது. ஆக, நான் வருடாவருடம் கட்டுவது டொமைனுக்கு மட்டும்.

கோப்புப் பெயர்கள் விஷயத்தில் தம்பி ஆரம்பத்திலேயே கறாராக இருந்தான். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போட்டு எழுத வேண்டும் என்றான். காரணம் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். தளங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களான சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுவதால் அவை பிரித்துப் பார்க்கும். வீட்டில் அழகாகத் தெரிந்த படம் இணையத்தில் வெறும் கட்டமாக நிற்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் வேறு சிக்கல். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, ஒரே ஒரு 'ம' ஒன்பது எழுத்தாகிவிடும். நாலு வார்த்தைத் தலைப்பு வைத்தால் வாட்ஸாப்பில் அரைத் திரைக்கு லிங்க் ஓடும். பெயர் வைத்தபிறகு மாற்றவும் கூடாது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வற்புறுத்தி எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் நம் லிங்கைத் தன் பிள்ளைக்கு அனுப்பி வைத்திருப்பார், அது ஐந்து வருடம் கழித்தும் திறக்க வேண்டும்.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் இணைக்கும் டிஎன்எஸ் அமைப்புதான் புதியவர்களைப் பயமுறுத்தும். உள்ளே இருப்பது எளிது. நம் தெருவில் வீட்டு எண்ணைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மணிக்கூண்டு பக்கத்தில் இன்னார் வீடு என்றால் தபால்காரர் நேரே வந்துவிடுவார். அதே மாதிரி பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் ஏற்பாடு இது. ஏ ரெக்கார்டு என்ற வரியில் ஹோஸ்டிங் கொடுத்த ஐபி எண்களையும் (சர்வரின் இணைய எண்), டபிள்யூ டபிள்யூ டபிள்யூ முன்னொட்டுக்கு சிநேம் ரெக்கார்டு என்ற வரியில் அவர்கள் சொல்லும் பெயரையும் போட வேண்டும். போட்டவுடன் எல்லோருக்கும் திறக்காது. பழைய பதிலை இணைய நிறுவனங்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பது டிடிஎல் என்ற கட்டத்தில் நொடிக்கணக்கில் இருக்கும். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். என் போனில் தளம் திறந்தது, தெருமுனைக் கடைக்காரர் போனில் திறக்கவில்லை. அந்த நேரத்தில் எதையும் மாற்றாமல் காத்திருப்பதுதான் செய்ய வேண்டியது. மாற்ற மாற்ற குழப்பம் கூடும்.

பக்கம் பாதுகாப்பாகத் திறக்க எச்டிடிபிஎஸ் வேண்டும், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பக்கத்தை மறையாக்கி அனுப்பும் முறை. 2018 ஜூலை முதல் குரோம், அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்றே காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. கிட்ஹப் பேஜஸில் ஒரு டிக் போட்டால் தானாக வந்துவிடும். டிஎன்எஸ் சரியான பிறகு கொஞ்ச நேரம் பிடிக்கலாம். இதற்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

இனி தமிழ் எழுத்து. நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான், செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் சங்கக் கூட்டங்களுக்காகப் பழைய டிடிபி சென்டரில் அடித்து வைத்த நோட்டீஸ்களின் கோப்புகளை சிடியில் கொடுத்தார். அவை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, முந்தைய எழுத்துருவில் இருந்தன. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கொட்டும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். மாற்றியபிறகு ஒருமுறை உட்கார்ந்து படித்துத் திருத்தியே ஆக வேண்டும். பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்து இருக்கும். 'கெ' என்றால் கொம்பு முதலில், க அப்புறம். யூனிகோடில் க முதலில், கொம்பு அடுத்து. அதனால் கொம்பு இடம்மாறி நிற்கும் சொற்கள் அங்கங்கே தங்கிவிடும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ'வை ஒரே துணைக்குறியோடும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பார்க்க இரண்டும் ஒன்று. ஆனால் தேடும்போது வேறு வேறு சொல்லாகப் போய்விடலாம். காலுக்குப் பதில் ர, 'ஔ'வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் அடித்திருப்பதும் இதே மாதிரிதான். பேரப்பிள்ளை தன் தாத்தா பெயரைத் தேடும்போது அது கிடைக்க வேண்டுமே. அதனால் பெயர்களை எல்லாம் நானே தமிழ்99 விசைப்பலகையில் மறுபடி அடித்தேன்.

பக்கக் கோப்பின் தொடக்கத்தில் மூன்று வரிகள் கட்டாயம். எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்பது ஒன்று. பக்கத்தின் மொழி தமிழ் என்பது இரண்டு. திரையின் அகலத்துக்கு ஏற்ப விரியச் சொல்லும் வியூபோர்ட் வரி மூன்று. மொழியைச் சொல்லி வைத்தால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். எங்கள் தெருவில் கண் பார்வை குறைந்த ஒரு பெரியவர் போனில் டாக்பேக் வைத்துத்தான் எல்லாம் கேட்கிறார். அவரும் என் வாசகர்.

எழுத்துருவுக்குத் தனியாக எதையும் இறக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம். எல்லாம் தெளிவானவை. அழகான இலவச எழுத்துருக்கள் நிறைய உண்டு, முக்த மலர் எனக்குப் பிடித்தது. ஆனால் அதை இறக்க ஆகும் நேரத்தில் டேட்டா தீரும் நிலையில் இருக்கும் ஒருவர் பக்கத்தை மூடிவிடுவார். அளவை 18 பிக்சலுக்குக் குறையாமல் வைத்தேன். வரி இடைவெளி 1.7. தமிழில் மேலே வளைவும் புள்ளியும், கீழே சுழியும் வருவதால் ஆங்கிலத்துக்குப் போதுகிற இடைவெளி நமக்குப் போதாது. இரு ஓரமும் சமமாக நிறுத்தும் ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரை குறுகல், நடுவில் பொத்தல் பொத்தலாக இடம் விழும். சாய்ந்த எழுத்தும் வேண்டாம், தமிழில் அது நிறைய இடங்களில் வெறுமனே இழுத்துச் சாய்த்ததுதான். 'தொழிற்சங்கத்தினர்களுக்கிடையேயான' மாதிரிச் சொற்கள் திரைக்கு வெளியே நீட்டிக்கொள்ளாமல் உடைய சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ ராப் என்ற வரி உதவும். அதைவிட நல்ல வழி, அப்படி எழுதாமல் இருப்பது.

படங்களுக்கு வருவோம். இரண்டாயிரம் சொல் தமிழ்க் கட்டுரை யுடிஎஃப்-8-இல் சுமார் 50 கேபிதான் வரும். போனில் எடுத்த ஒரு படம் 4 எம்பி. கட்டுரையைப் போல எண்பது மடங்கு. வேகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம், படத்தைக் குறைத்தால் போதும். எல்லாப் படங்களையும் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி 200 கேபிக்குள் கொண்டுவந்தேன். முழு அளவுப் படத்தைத் தனியாக வீட்டில் வைத்திருக்கிறேன், அதை அழித்துவிடாதீர்கள்.

போனில் எடுக்கும் படத்துக்குள், லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். வீட்டுக்குள் வைத்து எடுத்த பழைய ஐடி கார்டின் படத்தை அப்படியே ஏற்றினால் நம் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்த மாதிரி. சுருக்கும்போது அந்த விவரத்தை நீக்கச் சொல்லும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. ஏற்றும் முன்னால் படத்தின் விவரங்களைத் திறந்து ஒருமுறை பாருங்கள். பெண்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. என் தளத்தில் போன் நம்பரோ வீட்டு முகவரியோ கிடையாது. இதற்கென்று தொடங்கிய தனி மின்னஞ்சல் மட்டும்தான்.

அடுத்தவர்களின் தாள்களை வெளியிடும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. சம்பளச் சீட்டில் பி.எஃப். எண், கடன் பிடித்தம் எல்லாம் இருக்கும். அவற்றை மறைத்தேன். குழுப்படத்தில் இருப்பவர்களில் யாரையெல்லாம் கேட்க முடியுமோ அவர்களிடம், இல்லாதவர்களின் பிள்ளைகளிடம், போனில் பக்கத்தைக் காட்டியே கேட்டேன். சும்மா "போடலாமா" என்று கேட்டால் "போடும்மா" என்பார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லி, தெரியப்போகும் விதத்திலேயே காட்டிக் கேட்பதுதான் முறை. ஒரு அம்மா, கணவர் படம் இருக்கட்டும், அவருக்கிருந்த கடன் பற்றிய வரி வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன்.

தளம் தயாரானதும் உடனே எல்லோருக்கும் அனுப்பவில்லை. முதலில் அப்பாவின் கூட்டாளிகள் சிலரிடம் நேரில் போனேன். லிங்கை அவர்கள் போனுக்கே அனுப்பி, திறக்கச் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இதைத் தொடுங்க, கீழே தள்ளுங்க" என்று சொல்லக் கூடாது. தள ஆசிரியர் எல்லோர் பக்கத்திலும் உட்கார முடியாதே. ஸ்டிராஹன்ஸ் ரோடு டீக்கடை வெளிச்சத்தில் சாம்பல் நிற எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை என்பது அங்கே தெரிந்தது. வெள்ளையில் கறுப்புக்கு மாற்றினேன். மேலே மூலையில் மூன்று கோடு போட்ட மெனுவை ஒருவரும் தொடவில்லை. அது மெனு என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அதை எடுத்துவிட்டு, பக்கத்தின் அடியில் "அடுத்துப் படிக்க" என்று சொல்லிலேயே இணைப்புகள் வைத்தேன். எல்லோரும் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்கள். பெரிதாக்க விடாமல் தடுக்கும் வரியைச் சில டெம்ப்ளேட்டுகள் வைத்திருக்கும், தேடி எடுத்துவிடுங்கள்.

ஒரு மாமா நீண்ட நேரம் ஒரே படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னாம்மா, எல்லார் பேரும் போட்டுக்கீற, இவன் இன்னா பண்ணான்? இவன் வார்ப்பிங்ல இருந்தவன்மா, ஓட்டேரிக்காரன்." அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புதுப் பெயர் ஒன்றும், தேடிப்போய்ப் பார்க்க ஒரு குடும்பமும் கிடைத்தன. அன்று முதல் ஒவ்வொரு படத்தின் அடியிலும், தெரிந்த பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி, தெரியாதவர்களுக்கு "பெயர் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று மின்னஞ்சலோடு போடுகிறேன். எந்த மென்பொருளும் எனக்கு இதைச் சொல்லித் தந்திருக்காது.

பிறகுதான் வாட்ஸாப்பில் விட்டேன். அங்கே லிங்கோடு சேர்ந்து வரும் சின்னப் படமும் தலைப்பும்தான் வாசல். ஓபன் கிராஃப் என்ற வரிகளில் தலைப்பு, ஒரு வரி விவரம், படத்தின் முழு முகவரி ஆகியவற்றைக் கொடுத்தால்தான் அது ஒழுங்காக வரும். படத்துக்குப் பாதி முகவரி கொடுத்தால் வராமல் போகும். ஒருமுறை பகிர்ந்த முன்னோட்டம் நாம் திருத்தினாலும் கொஞ்ச காலம் பழையபடியே தெரியும் என்பதால், முதலில் நமக்கு நாமே அனுப்பிப் பார்த்துவிட்டுக் குழுவுக்கு அனுப்புவது நல்லது.

கூகுளில் வர கொஞ்சம் பொறுமை வேண்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி வரி சேர்த்து, தளம் நம்முடையது என்று கூகுளின் சர்ச் கன்சோல் சேவையில் நிரூபிக்கலாம். பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுக்கலாம். அதற்குமேல் பெரிதாக அவசரப்படுத்த வழியில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். அதனால் பின்னி மில், பட்டாளம் போன்ற பெயர்களை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இடத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதி வைத்தேன்.

எங்கள் பகுதியில் மழை என்றாலே நகல் எடுத்து வைப்பது பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பட்டாளத்தில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் எத்தனை வீட்டில் ஒட்டிக்கொண்டு போயின! வாங்கிய தாள்களை அன்றே ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கோப்புகளில் ஒரு நகல் கிட்ஹப்பில், ஒன்று என் லேப்டாப்பில், ஒன்று மாதவரத்தில் இருக்கும் தங்கை வீட்டுப் பென்டிரைவில். புதுப் பக்கம் போட்டதும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுகிறேன். அது இலவசம், நம் தளம் நாளைக்கு இல்லாமல் போனாலும் அங்கே ஒரு பிரதி நிற்கும்.

இப்போது குரல் பதிவுகளில் இறங்கியிருக்கிறேன். மாமாக்கள் பேசும் பேச்சை எழுத்தில் கொண்டுவந்தால் பாதி உயிர் போய்விடுகிறது. வாய்ஸ் டைப்பிங்குக்கு நம்ம ஊர்ப் பேச்சு பிடிபடுவதில்லை, அதனால் கேட்டுக் கேட்டு அடிப்பதோடு ஒலியையும் சேர்க்கிறேன். பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டாம். மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. பத்து நிமிடப் பேச்சு ஐந்து எம்பிக்குள் அடங்கும். ப்ளே பட்டனைத் தொடாதவர் போனில் அது இறங்கவும் கூடாது. ஆடியோ குறியில் ப்ரீலோட் என்ற இடத்தில் நன் என்று கொடுத்துவிட்டு, எத்தனை நிமிடம், எத்தனை எம்பி என்று பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.